விசாரணை முடியும்வரை

அன்புள்ள மகளுக்கு,

இந்த வாரம் அங்கே நடந்த என்கவுன்டரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். இறந்தவர் மீதிருந்த புகாரைப் பார்த்ததும், சுட்ட காவலர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது என்கிறாய். இரவுப் பணி முடித்துத் தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு அப்படித் தோன்றுவதில் எனக்கு வியப்பில்லை. ஆனாலும், விசாரணை முடியும்வரை அந்த நன்றியை நிறுத்திவை என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நீ வசிக்கும் ஹைதராபாத்தை ஒட்டி நடந்ததையே எண்ணிப் பார். 2019 நவம்பர் இறுதியில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கைதான நால்வரும் டிசம்பர் 6 அன்று விடியற்காலையில், அவருடைய உடல் கிடைத்த சட்டன்பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் எங்கள் துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டார்கள், அதனால் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அன்றே மக்கள் பாலத்தின் மேல் நின்று காவலர்கள் மீது பூத்தூவினார்கள்.

உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று முன்னாள் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையம் அமைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலனாய்வுக்குத் தலைமை ஏற்றிருந்த டி.ஆர். கார்த்திகேயனும் அதில் ஓர் உறுப்பினர். 2022-இல் வெளியான அதன் அறிக்கை, போலீஸ் சொன்ன விவரம் நம்பத்தக்கதல்ல என்றும், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறி, காவலர்கள் 10 பேர் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று: அந்த நால்வர்தாம் மருத்துவரைக் கொன்றார்களா என்பதை எந்த நீதிமன்றமும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து இனித் தீர்மானிக்கப் போவதில்லை, மகளை இழந்த அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தீர்ப்பும் அந்த விடியற்காலையோடு போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு, அந்தப் 10 பேரையும் கொலைகாரர்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதே. ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பு ஆகாது. தங்கள் தரப்பை நீதிமன்றத்தில் சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்து வந்து, வேறு வழியின்றிச் சுட நேர்ந்த காவலர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் மீது சந்தேகம் தங்காமல் காப்பதும் முறையான விசாரணைதான். பூமாலை அதைச் செய்யாது.

பொறுத்திருப்பது என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நினைத்துக்கொள்ளாதே. மும்பை என்கவுன்டர்கள் குறித்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். சிஐடியோ வேறு காவல் நிலையத்தாரோ மேலதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் புலனாய்வு செய்ய வேண்டும். சுட்டவர்கள் தங்கள் துப்பாக்கிகளைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் இருவர் செய்யும் பிரேதப் பரிசோதனையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. அதிகாரிகளுக்கே பரிசைத் தள்ளிவைக்கச் சொல்லும்போது, நாம் மட்டும் ஏன் பாராட்டிலும் பழியிலும் முந்திக்கொள்ள வேண்டும்?

இந்தச் சம்பவத்தில் புலனாய்வு யாரிடம் போயிருக்கிறது, துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டனவா, இறந்தவரின் வீட்டாருக்கு உடனே தகவல் சொன்னார்களா என்று தெலுங்கு நாளிதழ்களில் பார்த்து எழுது. இங்கே வரும் செய்திகளில் போலீஸ் சொன்னது மட்டுமே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா