கையில் இருந்த பெர்மிட்டை விட்டுவிட்டு வந்த மருமகன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தமிழகத்து இளைஞர்கள் சுற்றுப்பயணிகளாக வந்து இறங்கி, இங்குள்ள பெண்களைக் கட்டிக்கொண்டு, அந்தச் சாக்கில் வேலையிலும் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அவர் பொருமியிருக்கிறார். அவர் வீட்டில் அப்படி ஒரு மருமகன் இல்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. என் வீட்டில் இருக்கிறான்.

எனக்கு வயது 61. மலேசியாவில், கிள்ளானில் 19 ஆண்டுகளாக அங்காடிக் கடை போட்டு, காலையில் தோசையும் வடையும் விற்கிறேன். மகள் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மருமகனுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். அவன் இந்த நாட்டுக்கு முதலில் வந்தது சுற்றுப்பயணியாக அல்ல. முறையான வேலை பெர்மிட்டோடு ஓர் உணவகத்துக்கு வந்து மூன்று ஆண்டு ரொட்டி சானாய் (இங்கத்துப் பரோட்டா) வீசியவன். மகளோடு பழக்கமானதும் அந்தக் கடையில்தான். எனக்குத் தெரிந்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். அது வேறு கதை.

அந்நியத் தொழிலாளர் பெர்மிட்டில் இருப்பவர் இங்கே திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது பெர்மிட்டின் நிபந்தனை. வேலை வேண்டுமென்றால் கல்யாணம் இல்லை. கல்யாணம் வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். அவன் 2023 கடைசியில் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் ஊருக்குப் போய்விட்டான். திரும்பி வருவானா என்று அக்கம்பக்கத்தில் பந்தயம் கட்டாத குறை. பெர்மிட்டுக்காகப் பெண் கட்டுகிறவன் கையில் இருக்கும் பெர்மிட்டை விட்டுவிட்டுப் போவானா? கடிதம் எழுதிய அன்பர் இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அந்த டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. 2024 பிப்ரவரியில் திருச்சி விமானத்தில் வந்து சேர்ந்தான். சுற்றுப்பயணியாக வந்தவர் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நாள் கணக்கைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டப்படி மனுக் கொடுப்பதற்கு முன் ஏழு நாள் அந்த வட்டாரத்தில் தங்கியிருக்க வேண்டும். மனுக் கொடுத்த பின் 21 நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்க வேண்டும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. கையில் இருப்பதோ முப்பது. ஒரு தாள் குறைந்தாலும் கதை முடிந்தது.

எங்களுக்குக் குறைந்தது. தாசில்தார் கொடுத்த ‘திருமணமாகாதவர்’ சான்றிதழ் பத்திரமாகத்தான் வந்தது. ஆனால் அதில் அவன் அப்பா பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைவு. கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) அந்த எழுத்து இருந்தது. தூதரகச் சான்று வாங்கப் போகும் நேரத்தில்தான் மகள் அதைக் கவனித்தாள். நான் அந்தத் தாளைக் கடை விளக்கில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன், பார்த்தால் எழுத்து வந்துவிடும் என்பதைப் போல.

அப்போதுதான் ஏஜண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். 3,500 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். “ஊருக்கெல்லாம் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். தாலி ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், மறுநாளே வேலைக்கும் போகலாம்” என்றார். மார்ச் மாதத்தில் 500 வெள்ளி அபராதம் கட்டும் திட்டம் தொடங்கியதையும் காட்டினார். மகள் விவரம் படித்துப் பார்த்தாள். அது அபராதத்தைக் கட்டிவிட்டு நாட்டை விட்டு வெளியேறுகிறவர்களுக்கான திட்டம். இங்கேயே இருந்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. காலம் கடந்து தங்கினால் குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜண்டுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இருபத்தொன்பதாம் நாள் மருமகனை விமானம் ஏற்றினோம். பயணச் சீட்டுக்கு என் வளையல் ஒன்று அடகுக்குப் போனது.

இரண்டாம் முறை ஜூனில் எல்லாத் தாளோடும் வந்தான். இந்த முறை தவறு செய்தது நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள் அவை. வேலை செய்து பழகிய கை சும்மா இருக்காது. காலையில் கடைக்கு வந்து பாத்திரம் கழுவினான், தண்ணீர் தூக்கினான். ஒருநாள் எனக்கு முட்டி வலி. “நீங்கள் உட்காருங்கள் அத்தை” என்று கரண்டியை வாங்கிக்கொண்டான். என்னைவிட நன்றாகவே வடை தட்டுகிறான், உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. ஏழரை மணி இருக்கும். வழக்கமாக என்னிடம் பசியாறும் ஊராட்சி மன்ற அதிகாரி ஒருவர் அன்று சீருடையில், இன்னும் இருவரோடு வந்தார். புது முகம் யார் என்று கேட்டார். “மாப்பிள்ளை” என்றேன். கடப்பிதழைக் கேட்டார். இவன் மாவுக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தான். அவர் வருகை முத்திரை இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “மாக்சிக் (மலாயில் அத்தை), இவர் சுற்றிப் பார்க்க வந்தவர். இங்கே எதைச் சுற்றிப் பார்க்கிறார், வடைச் சட்டியையா?” என்றார். நான் சம்பளம் கொடுக்கவில்லை என்றேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. “கரண்டி கையில் இருந்தால் அது வேலைதான். குடிநுழைவுத் துறை வந்திருந்தால் உங்களையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்” என்றார். கடைக்கு ஓர் அபராதச் சம்மன் எழுதினார். சட்டியில் இருந்த வடை அத்தனையும் கருகிப்போயிருந்தது.

அன்றிரவுதான் மகள் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவைப் படித்துக் காட்டினாள். பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முதலாளி என்ற சொல் எனக்குப் பொருந்தும் என்று 19 ஆண்டில் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜூலையில் பதிவு முடிந்தது. கோவிலில் தாலி கட்டி, முப்பது பேருக்கு இலை போட்டோம். மனைவி பொறுப்பேற்கும் நீண்டகால சமூக வருகைப் பாஸுக்கு விண்ணப்பித்து, அதுவும் கிடைத்தது. அவன் அதை விரித்துப் பார்த்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு பாஸ், வேலைக்கு வேறோர் அனுமதி. அந்த அனுமதிக்கு வேலை தரும் முதலாளியின் கடிதம் வேண்டும். முதலாளிகளோ அனுமதியைக் கொண்டுவா, கடிதம் தருகிறேன் என்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முன்பு பெர்மிட்டோடு சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பியவன், இன்று முடிவெட்டக் காசு வேண்டுமென்றாலும் மகளிடம் கேட்கிறான். கேட்கக் கூசி, முடியை வளர விட்டிருக்கிறான்.

எனக்கு மகன் இருந்து, அவன் புதுக்கோட்டையில் பெண் எடுத்திருந்தால், அந்த மருமகள் இரண்டாண்டு இங்கே வாழ்ந்த பிறகு அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மகள் கட்டிய கணவனுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. மகளைப் பெற்றவர்கள் என்ன குற்றம் செய்தோம்?

சுற்றுப்பயணியாக வந்து திருட்டுத்தனமாக வேலை செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் முறைப்படி பதிவு செய்து, வரிசையில் நின்று, பாஸ் வாங்கியவனையும் வீட்டுக்குள் உட்கார வைத்தால், அடுத்து வருகிறவன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான்? துணைவருக்கான பாஸைக் கொடுக்கும்போதே வேலை செய்யும் அனுமதியையும் அதே தாளில் அச்சடித்துக் கொடுக்குமாறு குடிநுழைவுத் துறையை உங்கள் ஏடு வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் விசாரிக்கட்டும், வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். தேநீர் தருகிறேன்.

போன வாரம் ஒரு சிறு உணவகக்காரர் மனமிரங்கிக் கடிதம் கொடுத்திருக்கிறார். இது மூன்றாவது. முதல் இரண்டு முதலாளிகளும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனோடு குடிநுழைவுத் துறை முகப்புக்குப் போகிறாள். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. வடைச் சட்டியில் நான்தான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
வடைக்கடை அம்மா,
கிள்ளான்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)