வெள்ளிக் கோளுக்கும்தான் காந்தம் இல்லை: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

"காந்தப்புலம் இல்லாததால் செவ்வாயின் வளிமண்டலத்தைச் சூரியக் காற்று அடித்துச் சென்றுவிட்டது." பல வருடங்களாக நானும் பாடநூலின் இந்த வரியை வகுப்பில் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். (சூரியக் காற்று என்றால் சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம்.) போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "வெள்ளிக்கும்தான் காந்தம் இல்லை. அப்புறம் அங்கே மட்டும் எப்படி சார் இவ்வளவு காற்று?" என்றாள். மணி அடித்ததால் தப்பித்தேன்.

அவள் கேட்டது சரி. 1962இல் மரைனர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்தபோது காந்தப்புலத்தின் சுவடே தென்படவில்லை. சூரியனுக்கு நம்மைவிடப் பக்கம் வேறு. ஆனாலும் அதன் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கு மேல்.

அங்கே நடப்பது இதுதான். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல்காற்றை அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாக, ஆக்குகின்றன. அந்த அயனிப் படலம் மின்சாரம் கடத்தும். விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று, சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அது மோதியதும் படலத்தில் மின்னோட்டம் கிளம்பி, வருகிற சூரியக் காற்றைப் பெருமளவு ஒதுக்கிவிடுகிறது. வாய்க்காலில் நட்ட குச்சியில் வைக்கோல் மாட்டி, இரண்டு முனையும் தண்ணீர் போகும் பக்கம் நீண்டு ஆடுமே, அப்படித்தான் காந்தக் கோடுகள் கோளின் முகப்பில் வளைந்து பின்னால் வாலாக நீள்கின்றன. கரும்பலகையில் வரைய இரண்டு நிமிடம் போதும்.

செவ்வாயிலும் இதே கதைதான். கூடவே அதன் தெற்குப் பாறைகளில் பழைய காந்தம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கசிவு இல்லை என்று சொல்ல வரவில்லை. மேவன் விண்கலம் அளந்தது விநாடிக்குச் சுமார் 100 கிராம், ஒரு கிளாஸ் டீயின் எடை. சூரியப் புயல் அடித்தால் இன்னும் கூடும். ஆனால் செவ்வாய் சின்னக் கோள். அதன் ஈர்ப்பை மீறித் தப்ப விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் போதும். வெள்ளியில் 10க்கு மேல் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஒன்று எலக்ட்ரானோடு சேர்ந்து உடையும்போது தெறிக்கும் அணு, செவ்வாயைவிட்டு ஓடிவிடும். வெள்ளியில் திரும்ப விழும். காந்தம் இருந்தும் பூமியின் துருவங்கள் வழியாகக் காற்று கசிகிறது என்பதையும் எங்கள் புத்தகம் சொல்வதில்லை.

ஆகவே அந்த வரியில் ஈர்ப்பையும் சேருங்கள். பக்கத்திலேயே வெள்ளியின் படம் ஒன்று போடுங்கள். அரைப் பக்கம்கூட ஆகாது. அடுத்த பதிப்பு வரும்வரை வைக்கோலை வரைந்து சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்