நாய்க்குட்டிக் கேக்குக்குச் சாயம் தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு என் பேத்தியின் பிறந்தநாளுக்கு, நாய்க்குட்டி முகம் வைத்த கப் கேக்குகளை ஒரு கடையில் சொல்லி வாங்கினோம். எல்லாம் அடர்நீல நாய்கள். விருந்துக்கு வந்த பிள்ளைகளின் நாக்கும் உதடும் இரவு வரை நீலமாகவே இருந்தன. எந்த நிறமி, எவ்வளவு சேர்த்தீர்கள் என்று மறுநாள் கேட்டபோது, கடையில் எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகும், பிள்ளைகள் தின்னும் பண்டத்தைப் பற்றி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதது எனக்குப் பெரும் கவலையைத் தந்தது.

ஆகவே இந்த வைகாசியில் வீட்டிலேயே செய்தோம். வாசலில் வளரும் செவலை நாட்டு நாயையே பேத்தி மாதிரியாகக் காட்டினாள். நாயின் நிறங்கள் அத்தனையும் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. வீரமாங்குடி அச்சுவெல்லத்தைத் தூளாக்கிச் சேர்த்துப் பிசைந்த கோவா, செவலை முகத்துக்கு அப்படியே பொருந்தியது. அதில் சிறிது கோகோப் பொடி சேர்த்தால் காதோரக் கருமை வந்துவிடுகிறது. நெற்றி வெள்ளைக்குப் பேராவூரணித் தேங்காயின் கொப்பரைத் துருவல், நாக்குக்குப் பீட்ரூட் சாறு இரண்டு சொட்டு விட்ட வெள்ளைக் கோவா, மூக்குக்கும் கண்ணுக்கும் பொடியாக நறுக்கிய கறுப்பு உலர்திராட்சை, காதுக்குப் பாதியாக உடைத்த பிஸ்கட் என்று முடித்துவிட்டோம். காது நிற்பதற்காகப் பல்குத்தும் குச்சியைச் செருகுவதும், கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணியை ஒட்டுவதும் சிறு பிள்ளைகளின் தொண்டைக்கு ஆபத்து. நம் டெல்டா வெயிலில் வெண்ணெய் கிரீம் உருகி முகம் வழிந்துவிடும். கோவா அப்படி வழிவதில்லை என்பது இன்னொரு வசதி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் உருவத்தில் இருப்பதாலேயே, பிள்ளைகள் அந்தக் கேக்கை ஆசையோடு நாய்க்கு ஊட்டப் போகிறார்கள். கோகோவில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும் என்பதால் அது அதற்கு நஞ்சாகிவிடும். உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக் கூடும். விருந்து முடியும்வரை எங்கள் செவலையைக் கொல்லைப்புறத்தில் கட்டி வைத்து, அதற்கென்று தயிர்சோறு போட்டோம்.

எல்லோருக்கும் வீட்டில் செய்ய நேரம் வாய்க்காது என்பதை அறிவேன். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரக் கேக் கடைக்காரர்கள், தாங்கள் சேர்க்கும் நிறமியின் பெயரைப் பெட்டியின் மேல் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும், உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பிறந்தநாள் கேக்குகளையும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்து வாசகி ஒருவர்