மேடைக்குக் கீழே உள்ள அறையின் சாவி

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர், புறப்பாடத் துணை முதல்வர், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் உங்கள் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று (ஒன்பதாம் ஆண்டு) படிக்கும் மாணவன் ஒருவனின் அம்மா. பினாங்கு ஜெலுத்தோங்கில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் தமிழ்மொழிக் கழகப் பிள்ளைகளின் நாடகத்துக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கிறேன். ஒத்திகை நாள்களில் மண்டபத்தின் ஓரமாகத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பேனே, அந்த அம்மாதான்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்று முடிவுகளைப் படித்தீர்கள். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இனி நாடகத்திலும் குறும்படக் குழுவிலும் இருக்க வேண்டாம். சனிக்கிழமைக் காலையில் மண்டபம் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) கூடுதல் வகுப்புக்கு. மேடைக்குக் கீழே நாடக உடுப்பு இருக்கும் சாமான் அறையைக் காலி செய்து உடைந்த மேசை நாற்காலிகளைப் போட வேண்டும். ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறேன். மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்று இதைத் திறந்த மடலாக வைக்கிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை, பிள்ளைகளின் பெயரையும் போடவில்லை. எனக்கு யார்மீதும் கோபமில்லை. இந்த முடிவு மாற வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் ஷிஃப்ட் வேலை. டியூஷனுக்குக் கட்ட எல்லாரிடமும் காசு இருப்பதில்லை. பள்ளியே சனிக்கிழமை இலவசமாக வகுப்பு நடத்தினால் அது பெரிய உதவி. வகுப்பு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நாடகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வகுப்பை வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் 1988-இல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, படிவம் ஒன்றுக்கு முன் இடைநிலைப்பள்ளியில் ஒரு வருஷம் மலாய் படிக்கும் புகுமுக வகுப்புக்குப் போனவள். தமிழ்ப்பள்ளியில் எனக்கு வாயாடி என்று பெயர். சபைகூடலில் செய்தி வாசிப்பேன், திருக்குறள் சொல்வேன், கலைவிழாவில் ஔவையார் வேஷம் எனக்குத்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாளே வாய் அடைத்துக்கொண்டது. என் மலாயைக் கேட்டுப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பேன், "யா, செக்கு" (ஆமாம், டீச்சர்) என்பேன், உட்காருவேன். இப்படியே ஆறு வருஷம். பாடம் படித்தேன், பரீட்சையும் தேறினேன். பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. இருபத்தைந்து வயதில் சொந்தமாகக் கடை போட்டு, வாடிக்கையாளரோடு பேசியே ஆக வேண்டும் என்று ஆன பிறகுதான் வந்தது. அன்றைக்கு எங்கள் பள்ளியில் நாடகம் என்று ஒன்று கிடையாது.

உங்கள் பள்ளிக்கு வரும் தமிழ்ப்பிள்ளைகளில் பலர் இன்றும் இப்படித்தான் வருகிறார்கள். ஆறு வருஷம் தமிழில் கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளைக்குப் படிவம் ஒன்றில் எல்லாமே வேறு மொழி. தமிழ் ஒரு பாடமாக மட்டும் ஒதுங்கிக்கொள்கிறது, அதையும் எல்லாரும் எடுப்பதில்லை. ஆசிரியர்களின் பார்வைக்கு அவர்கள் அமைதியான, தொந்தரவு கொடுக்காத பிள்ளைகள். தைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது அமைதியாகப் படவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் படிவம் ஒன்றில் இருந்தான். நடிக்கிறாயா என்று ஆசிரியை கேட்டபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டான். சரி, திரை இழுக்கிறாயா என்றார். அதற்கு ஒத்துக்கொண்டான். திரை இழுப்பவனுக்கு நாடகம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். யார் எந்த வார்த்தையை முடித்ததும் கயிற்றைப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் மெதுவாக விட வேண்டும் என்பதைப் பிரதியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான். மூன்று மாத ஒத்திகையில் எல்லாருடைய வசனமும் அவனுக்கு மனப்பாடம். ஒருநாள் இடைவேளையில் பள்ளி ஜாகா (காவலாளி), வயதான மலாய்க்காரர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். இது என்ன கதை என்று அவனிடம் மலாயில் கேட்டார். பையன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் திக்கியது. பிறகு அவன் பாட்டியாக நடந்து காட்டினான், கிராணியாக, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக, குரலை மாற்றினான், தெரியாத மலாய்ச் சொல்லுக்குக் கையைக் காட்டினான், ஜாகா அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிஷம் போயிருக்கும். நான் ஊசியில் நூல் கோக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை, தமிழிலும்கூட.

எஸ்.பி.எம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுச் சோதனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு வினாத்தாள் அச்சடித்துப் பயிற்சி கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த ஜாகாவுக்கு முன்னால் அவன் பேசியதை எந்தப் பயிற்சித்தாளும் அவனுக்குக் கொடுத்திருக்காது.

அந்த நாடகத்தைப் பிள்ளைகளே எழுதினார்கள். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த ஒரு பாட்டியின் கதை. எழுதும்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது, தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று. பால்மரம் வெட்டப் போனவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் முழுசாகத் தெரியவில்லை, நான் தோட்டத்தில் வளர்ந்தவள் இல்லை. ஒரு பிள்ளையின் பாட்டியை வரவழைத்தோம். எழுபத்தெட்டு வயது. மண்டபத்துத் தூண் ஒன்றை மரமாக வைத்துக்கொண்டு, உளிக்குப் பதில் என் துணிக் கத்தரியைக் கையில் பிடித்து, கோடு எப்படிச் சாய்வாக இறங்க வேண்டும், பால் வடியும் மங்கு எங்கே கட்டப்படும், பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்று காட்டினார். முழுக்கைச் சட்டை கொசுவுக்காக, தலைத்துணி பால் முடியில் ஒட்டாமலிருக்க, இடுப்பில் கட்டிய சாக்கு கைலி நனையாமலிருக்க. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய்ப் பெயர் கொடுத்ததையும், கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரத்தடியில் நின்று தாய்ப்பால் கட்டிக்கொண்ட வலியோடு வேலை செய்ததையும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுப் பெண்பிள்ளைகள் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். பேத்திக்கே அது தெரியாது. வீட்டில் யாரும் கேட்டதில்லை என்றார் பாட்டி.

குறும்படம் அங்கிருந்துதான் வந்தது. இதை நாடகத்தோடு விடக்கூடாது, அவர் பேசுவதைப் படமெடுக்க வேண்டும் என்று ஒரு படிவம் நான்கு மாணவி சொன்னாள். கருவி என்று எதுவுமில்லை, இரண்டு கைப்பேசிகள்தான். முதல் நாள் எடுத்ததில் மின்விசிறி இரைச்சலில் பாட்டியின் குரலே காணோம். மறுவாரம் விசிறியை நிறுத்தினார்கள், குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்கள். ஒரு கைப்பேசியில் படம், இன்னொன்றைப் பாட்டியின் மடியில் ஒலிப்பதிவுக்காக வைத்து, தொடக்கத்தில் ஓங்கி ஒரு கைத்தட்டல். அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாமாம். மூன்று மணி நேரம் எடுத்ததை ஏழு நிமிஷமாக வெட்ட வேண்டியிருந்தது. எதை விடுவது என்று மூன்று வாரம் சண்டை. பாட்டி அழுத இடத்தை வைக்கலாமா என்று கேட்க இரண்டு பிள்ளைகள் அவர் வீட்டுக்கே போனார்கள். வேண்டாம் என்றார், எடுத்துவிட்டார்கள். பதினாறு வயதில் அந்த முடிவை எடுத்த பிள்ளைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நாடகத்தைக் கீழ்ப்படிவங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், 2022-இல் பி.தி.3 (படிவம் மூன்று அரசுத் தேர்வு) எடுக்கப்பட்டுவிட்டதால் அவர்களுக்குத்தான் நேரமிருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் குழுவில் ஆசிரியை ஒருவர்தான், பிள்ளைகளோ முப்பதுக்கு மேல். வேலையைக் கற்றுக் கொடுப்பது மூத்த பிள்ளைகள்தான். படிவம் ஐந்து மாணவி ஒருத்தி மண்டபத்தின் கடைசி நாற்காலியில் தன் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, கத்தாதே, அந்தப் போத்தலுக்குக் கேட்கிற மாதிரி சொல் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பாள். மழை வந்து தகரக் கூரை இரைந்தால், நிறுத்தி, அடுத்த இடி முடிந்ததும் தொடங்கு என்பாள். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளுக்கு முன்னால் படித்தவள். மேல்படிவத்தை வெட்டினால் அந்தக் கை மாறுவது நின்றுபோகும். இரண்டே வருஷத்தில் தீபாவளிக்கு ஒலிநாடாவைப் போட்டுச் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது மட்டும்தான் மிஞ்சும். ஆடட்டும், எனக்கும் பிடிக்கும். அது மட்டுமே மிஞ்சக்கூடாது.

பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்பதைச் சொல்லி வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்தப் புள்ளிக்காகப் போட்டி, போட்டிக்காக நான்கு பேரை மட்டும் பொறுக்கி எடுப்பது, பரிசு வரவில்லையென்றால் குழுவையே கலைப்பது என்று போய்விடுகிறது. திரை இழுத்த பையனுக்கு எந்தப் போட்டியிலும் சான்றிதழ் கிடைக்காது.

நாம் இருக்கும் ஊரையும் நினைத்துப் பாருங்கள். 1870-களில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் ஆடியதைப் பார்த்துத்தான் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் இங்கே முளைத்தது. மலாய் சினிமாவின் பெரிய நடிகர் பி. ராம்லீ 1929-இல் இந்தத் தீவில் பிறந்தவர். 1950-இல் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். ராம்லீயின் அப்பா கட்டிய மரவீட்டுக்குப் போன வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். கிருஷ்ணனைப் பற்றி நான் சொன்னபோது ஒரு பையன், "நம்ம ஆளா ஆன்டி?" என்று இரண்டு தடவை கேட்டான். அவனுக்கு அது செய்தி. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்ற 'ஜகாட்' தமிழ்ப்படம் என்பதும் அவனுக்குச் செய்திதான். கற்பனை வளமுள்ள ஒரு தமிழ்ப்பள்ளிப் பையனை யாரும் புரிந்துகொள்ளாமல் போவதுதான் அதன் கதை. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படமெடுப்பதில் பெற்றோருக்கு உள்ள பயத்தை நான் ஒதுக்கவில்லை. பெண்பிள்ளைகளின் படம் டிக்டாக்கில் போய்விடுமோ என்று என்னிடமே மூன்று அம்மாக்கள் கேட்டார்கள். அதற்கு விதி வையுங்கள். எடுக்குமுன் பெற்றோரின் கையெழுத்து, ஆசிரியை இல்லாமல் படப்பிடிப்பில்லை, பள்ளியின் அனுமதியில்லாமல் எதையும் ஏற்றக்கூடாது, முடிந்ததும் கைப்பேசிகளிலிருந்து அழித்துவிட வேண்டும். பிள்ளைகள் ஏற்பார்கள், நான் கேட்டுவிட்டேன்.

நான் கேட்பது பெரிதில்லை. சனிக்கிழமை கூடுதல் வகுப்பு எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிகிறது என்று அட்டவணையில் போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை மண்டபத்தைக் கொடுங்கள். படிவம் ஐந்து பிள்ளைகளை எஸ்.பி.எம். முன்தேர்வு வரைக்கும் இருக்க விடுங்கள், அதற்குப் பிறகு அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள், போன வருஷம் அப்படித்தான் செய்தார்கள். வகுப்பையும் ஒத்திகையையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு நாங்கள் நான்கைந்து அம்மாக்கள் முறை வைத்துக் கொண்டுவருகிறோம். வருஷத்துக்கு ஒருமுறை, போட்டியாக இல்லாமல், பெற்றோரும் பாட்டி தாத்தாக்களும் வந்து பார்க்க ஒரு மாலை வேண்டும்.

சாமான் அறையை மட்டும் காலி செய்யாதீர்கள். சீட்டு ஒட்டிய மூன்று பெட்டிகளில் நாற்பத்திரண்டு உடுப்பு இருக்கிறது. பாதித் துணி லிட்டில் இந்தியாவில் மிச்சத் துண்டாக வாங்கியது, மீதி பெற்றோர் கொடுத்த பழைய சேலைகள். கிராணியின் தொப்பியைச் செய்தது அந்தத் திரை இழுத்த பையன். முழுக்கைச் சட்டைகள் ஆறும் அந்தப் பாட்டி அளவு சொல்லித் தைத்தவை. பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டிருக்கிறேன், அதை மாதா மாதம் மாற்ற வேண்டும். சாவி இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் வருகிறேன், ஒரு மணி நேரத்துக்கு அதை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெலுத்தோங் தையல்காரி, படிவம் மூன்று மாணவன் ஒருவனின் அம்மா