அது ஈவினிங் பிரிம்ரோஸ் இல்ல, நம்மட நீர்க்கிராம்பு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு பேப்பர்ல ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் பத்தி எழுதியிருந்தீங்க, எழுதினதுல குறையில்ல, ஆனா பக்கத்துல போட்ட படம் பிழை. அது இஞ்ச படுவான்கரையில வட்டை (வயல்வெளி) வாய்க்கால் ஓரமெல்லாம் நிக்கிற நீர்க்கிராம்பு. என்ட மகள் பேப்பரைக் கையில வச்சிக்கொண்டு வரம்புக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்திட்டு, "அப்பா நம்மளும் எண்ணெய் எடுப்பமா" எண்டு கேட்டாள், அதுதான் எழுதுறன்.

பிழை விட்டவரையும் குத்தம் சொல்லேலாது. ரெண்டும் ஒரே குடும்பம். ரெண்டுக்கும் மஞ்சள் இதழ் நாலு, மகரந்தக்காம்பு எட்டு, பூவுக்குக் கீழேயே நீட்டமா காய். ஆனா நம்மட பூ காலையில விரிஞ்சி மத்தியானம் தாண்ட இதழ் உதிர்ந்திரும், மற்றது பொழுதுபட்டாத்தான் விரியும், கண்ணுக்கு முன்னாலயே மொட்டு மெல்ல மெல்ல அவிழுமாம், இராப்பூச்சிதான் அதுக்கு விருந்தாளி. (அந்திமந்தாரையும் பின்னேரம்தான் பூக்கும், ஆனா அது வேற குடும்பம், அதோட இதைக் குழப்பாதீங்க.) பிரிம்ரோஸ் அமெரிக்காப் பக்கத்துச் செடி, மணல் தரை, ரோட்டோரம், தண்ணி நிக்காத இடம் பார்த்து வளரும், முதல் வருசம் இலையெல்லாம் நிலத்தோட வட்டமாப் படுத்துக் கிடந்து மற்ற வருசம்தான் தண்டு எழும்பிப் பூக்கும்.

நீர்க்கிராம்புக்கு ஈரம் இல்லாம சரிவராது. தண்ணிக்குள்ள நிக்கிற அடித்தண்டு ரெஜிபோம் (சாமான் பெட்டிக்குள்ள வைக்கிற வெள்ளை நுரைத்தகடு) மாதிரி வெள்ளையா ஊதிப்போய் இருக்கும், புடுங்கிப் பார்த்தா விளங்கும். சந்தேகமெண்டா காயைப் பாருங்க: நம்மடதுல பூ உதிர்ந்தாலும் பூவுக்கு வெளியால இருந்த நாலு பச்சைப் புல்லியிதழும் காயின்ட தலையில அப்படியே நிக்கும், கறிக்குப் போடுற கிராம்பு மாதிரி, பேர் வந்ததே அதாலதான். பிரிம்ரோஸ்ல அது பின்னால மடங்கி, பூவோட சேர்ந்து விழுந்திரும்.

குளத்துல மிதக்கிற வெள்ளைப்பூக் கொடியும் நீர்க்கிராம்பு வகைதான், ஆனா அதுக்கு இதழ் அஞ்சு.

வயலுக்க நிண்டா இது களைதான், அதைப் புடுங்கிறவங்களுக்குத் தெரியும் வேர் எவ்வளவு பிடிவாதமெண்டு. உங்கட படத்தை நம்பி ஆரும் இதை அவிச்சுக் குடிக்க முந்தி ஒரு திருத்தம் போடுங்க. படம் எடுக்க ஆள் அனுப்புறதெண்டா காலையில ஒரு எட்டு மணி போல அனுப்புங்க, பின்னேரம் வந்தா காய் மட்டும்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, படுவான்கரை, மட்டக்களப்பு