விலையோடு மீனின் ஊரையும் எழுதுங்கள்: பினாங்கு கடல்மீன் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தொட்டியில் வளர்க்கும் அலங்காரக் கடல்மீன் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், தவுக்கேமார்கள் என்கிற முதலாளிகளின் கடைகளில் காலை முதல் இரவு வரை தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் கடைகளில் பல ஆண்டுகளாக மீன் வாங்குகிறவன் நான். கேட்க வேண்டியது ஒன்றுதான். தொட்டிக் கண்ணாடியில் மார்க்கரால் விலை எழுதுகிறீர்கள் அல்லவா, அதன் கீழே இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். மீன் எந்தக் கடலில் பிடிபட்டது அல்லது எந்தப் பண்ணையில் பிறந்தது, என்றைக்குக் கடைக்கு வந்தது, இப்போது என்ன தின்கிறது. எல்லா மீனுக்கும் முடியாது என்றால் அரிய மீன்களுக்காவது எழுதுங்கள்.

இப்போது நடப்பது நேர்மாறாக இருக்கிறது. மீன் எவ்வளவு அரிதோ, அவ்வளவு குறைவாகவே அதைப் பற்றி வாங்குகிறவருக்குத் தெரிகிறது. புது ஸ்டாக் வந்த மாலையே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. "ஒண்ணுதான் இருக்கு, யாருக்கு வேணும்?" என்று கீழே ஒரு வரி. அடுத்தவர் எடுத்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் உடனே பணம் அனுப்புகிறோம். எங்கே பிடித்தது என்று கேட்டால் "இந்தோ ஸ்டாக், பாஸ்" என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்தோனேசியாவில் 17,000க்கு மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. அதில் எது என்று தெரிவது சில மீன்களின் விஷயத்தில் வாழ்வா சாவா என்ற கேள்வி.

பங்காய் கார்டினல் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகளும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட அந்தச் சிறிய மீனை நீங்கள் எல்லோரும் விற்றிருப்பீர்கள். உலகத்தில் அது இயற்கையாக வாழும் இடம் சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுக்கூட்டமும் அதைச் சுற்றியுள்ள கடலும்தான். பெண் இடும் முட்டைகளை ஆண் மீன் வாயில் அடைகாக்கிறது. பொரித்த பிறகும் சில நாள் குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது. அத்தனை நாளும் அது தின்பதில்லை. மற்ற பவளப்பாறை மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவுக்குப் போய்ப் புதிய இடத்தில் குடியேறும். பங்காய் குஞ்சு அப்படிப் போகாது. தகப்பன் வாயிலிருந்து இறங்கியதும் பக்கத்திலிருக்கும் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையிலோ கடற்சாமந்தியின் கைகளுக்குள்ளோ ஒளிந்துகொண்டு அங்கேயே வளரும். ஒரு விரிகுடாவில் இருந்ததை வலை போட்டு வழித்துவிட்டால் வேறு இடத்திலிருந்து குஞ்சு வந்து அதை நிரப்பப் போவதில்லை. 1990களின் நடுவில் இந்த மீன் வணிகத்துக்குள் வந்தது. 2007இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அதை அழிந்துவரும் இனமாகப் பட்டியலிட்டது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த கதை இது.

இதே மீன் தொட்டியில் எளிதாக இனம்பெருக்கும். ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால், குஞ்சுகளுக்கு உயிருள்ள சிறு இரை கொடுக்கத் தெரிந்தால், வீட்டிலேயே வளர்க்கலாம். பண்ணைகளும் வளர்க்கின்றன. ஆகவே உங்கள் கடையில் நிற்கும் பங்காய் இரண்டில் ஒன்று: பண்ணையில் பிறந்து தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, அல்லது ஏற்கெனவே மெலிந்துபோன ஒரு விரிகுடாவிலிருந்து பிடுங்கி வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எழுதி வைக்காவிட்டால் வாங்குகிறவருக்கு வேறுபாடு காணவே வழியில்லை. வழியில்லாதபோது அவர் பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைவாக இருப்பதைத்தான் எடுப்பார். பண்ணைக்காரர் பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போவார்.

பண்ணை மீனுக்கு மக்கள் கூடுதல் பணம் தரமாட்டார்கள் என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மஞ்சள் டேங் மீனைப் பாருங்கள். ஹவாய்க் கடலிலிருந்து உலகம் முழுவதற்கும் போய்க்கொண்டிருந்த மீன் அது. சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அங்கே அலங்கார மீன் பிடிக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2017இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரத்து குறைந்தது, விலை எகிறியது. அதற்கு முன்பே, 2015இல், ஹவாயில் ஓர் ஆய்வு நிலையம் அதன் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து ஆளாக்கியிருந்தது. இன்று பண்ணை மஞ்சள் டேங் விரும்பி வாங்கப்படுகிறது. சிறு வயதிலேயே பெலட் என்னும் உருண்டைத் தீவனத்தைத் தின்னப் பழகிய மீன் என்பதால் அந்த விலையை மக்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். உண்மை தெரிந்தால் பணம் தருவோம். எங்களுக்கு அந்த உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எப்படிப் பிடித்தார்கள் என்பது இதைவிடக் கடுமையான கேள்வி. பிலிப்பீன்ஸில் 1960களில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய சயனைடு முறை உங்களுக்குத் தெரியாததல்ல. சயனைடைத் தண்ணீரில் கரைத்துப் பிளாஸ்டிக் குப்பியில் அடைத்துக்கொண்டு முக்குளிப்பார்கள். மீன் ஓடி ஒளியும் பவள இடுக்குக்குள் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கி வெளியே வரும், கையால் பொறுக்கலாம். மயக்கம் தெளியாமல் சில அங்கேயே செத்துவிடும். பீய்ச்சிய இடத்துப் பவளமும் வெளுத்துச் சாகும். பிழைத்துக் கடைவரை வந்த மீன் பளபளவென்று நீந்தும், சிலசமயம் நன்றாகத் தின்னவும் செய்யும். சில வாரத்தில் காரணமே தெரியாமல் இறந்துபோகும். வாங்கியவர் தண்ணீரைச் சோதிப்பார், உப்பைக் குறை சொல்வார், கழிவை நீக்கும் ஸ்கிம்மரை மாற்றுவார். கடை தொட்டியருகே நின்று எந்த மீன் சயனைடு மீன் என்று கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் எங்கள் கையில் இல்லை. உங்களிடம் இருக்கிறது: உங்களுக்கு மீன் அனுப்புகிறவரைத் தெரியும். யாருடைய பெட்டியில் எத்தனை பிழைக்கின்றன என்ற கணக்கு உங்கள் மனத்தில் இருக்கிறது. வலையால் பிடித்தது என்று அவர் எழுதித் தருவாரா என்று நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் கேட்டால் அவருக்கு நான் யாரோ.

நம் நாட்டில் விஷத்தால் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. கெடாவின் பாயார் தீவைப் போன்ற கடல் பூங்காக்களில் எந்த முறையிலும் மீனையோ பவளத்தையோ எடுக்கக் கூடாது. "லோக்கல் ஸ்டாக்" என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் எந்தத் தீவிலிருந்து என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி, என்ன தின்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் வருத்துவது இதுதான்.

மாண்டரின் மீனைப் போல அழகான மீன் கடலிலேயே குறைவு. நீலமும் ஆரஞ்சும் சுழிசுழியாகக் கலந்து வரைந்த மாதிரி இருக்கும். சபாவின் கபாலாய் பக்கம் அந்தி நேரத்தில் அவை ஜோடி சேர்ந்து எழுவதைப் பார்ப்பதற்காகவே முக்குளிப்பவர்கள் போகிறார்கள். அதற்குச் சின்ன வாய். பாறையில் ஊரும் கோப்பெப்பாட் போன்ற மிகச் சிறிய உயிரிகளைப் பகல் முழுவதும் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். உறைந்த மைசிஸ் இறாலையோ பெலட்டையோ கடலில் பிடித்த பெரும்பாலான மாண்டரின்கள் உணவென்றே கண்டுகொள்வதில்லை. புதிதாக அமைத்த இரண்டடித் தொட்டியில் அதை விட்டால் கிடைக்கும் சிறு உயிரிகளைச் சில நாளில் தின்று தீர்த்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகு குழிந்து, எலும்பு தெரியும்வரை நீந்திக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் உள்ள மீன்களையே கடைத் தொட்டிகளில் விலை போட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறேன். எந்தக் கடை என்று சொல்ல வரவில்லை. பல கடைகளில் இருக்கிறது. பண்ணையில் வளர்த்த மாண்டரின் 2010 வாக்கிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது பெலட் தின்னும். தருவிக்க முடியுமா என்று முயன்று பாருங்கள். கடலில் பிடித்த மாண்டரின்தான் கிடைக்கும் என்றால், வாங்க வருகிறவரிடம் அவர் தொட்டி எத்தனை மாதமாக ஓடுகிறது, அந்தச் சிறு உயிரிகள் குடியிருக்கும் லைவ் ராக் பாறை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிட்டு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று அனுப்பிய கடைக்காரரிடம்தான் நான் மறுபடி மறுபடி போகிறேன்.

ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷ் விஷயத்தில் இந்தத் தயக்கம்கூடத் தேவையில்லை. அது அக்ரோபோரா என்னும் பவளத்தின் சிறு உயிர்களைத் தின்று வாழும் மீன். உங்களால் அதற்குத் தினமும் பவளம் போட முடியாது, எங்களாலும் முடியாது. பட்டியலில் பெயர் வந்தாலும் ஆர்டர் செய்யாதீர்கள்.

வந்த தேதியை எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பல மணி நேரம் கட்டிய பையில் மீன் மூச்சுவிட்டுக் கரியமில வாயு சேர்கிறது, நீரின் பி.எச். இறங்குகிறது. அதனால் பையில் சேரும் அம்மோனியா அவ்வளவு நஞ்சாக இருப்பதில்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறுகிறது, அதே அம்மோனியா செவுளை எரிக்கத் தொடங்குகிறது. உங்கள் கடையில் அந்த வேதனையை ஒருமுறை அனுபவித்த மீனை அன்று மாலையே இன்னொரு பையில் கட்டிப் பாயான் லெப்பாஸுக்கோ பட்டர்வொர்த்துக்கோ அனுப்பினால் அதன் உடம்பு எங்கே தாங்கும்? வெள்ளைப்புள்ளி நோயின் போக்கும் அப்படித்தான். ஒட்டுண்ணி சில நாள் தோலில் தங்கிவிட்டு உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டும். மீன் குணமானதுபோல் தெரியும். பிறகு கூடு வெடித்து முன்னைவிடப் பல மடங்கு கிருமிகள் மீனைத் தேடி வரும். மூன்றாம் நாள் சுத்தமாக இருக்கும் மீன் பத்தாம் நாள் உப்புத் தூவியதுபோல் நிற்கும். தேதி இருந்தால் மீன் இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிக்கலாம். ஒட்டுண்ணியை அடக்குவதற்காகத் தொட்டி நீரின் உப்பு அடர்த்தியை 1.018க்கு இறக்கி வைக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் 1.025இல் இருக்கும் தொட்டிக்கு மீனைப் பொறுமையாக ஏற்ற வேண்டும்.

ஆயிரக்கணக்கான வெள்ளி விலைபோகும் மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாரியன் ஏஞ்சல் மெக்சிகோவின் பசிபிக் தீவுகளைச் சுற்றி வாழ்வது. 2016இல் ஜொகானஸ்பர்க் மாநாட்டில் அது அழிந்துவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடல்குதிரைகள் எல்லாமே 2004 முதல் அதே பட்டியலில் உள்ளன. கல் பவளங்களும் கிமா என்கிற ராட்சதச் சிப்பிகளும் அப்படியே. கிமாவை 1999ஆம் ஆண்டின் மீன்வள விதிகளும் நம் நாட்டில் தனியாகப் பாதுகாக்கின்றன. இவற்றுக்கு அனுமதித் தாள் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் அழிந்துவரும் இனங்கள் வணிகச் சட்டம் அதற்குத்தான் வந்தது. வாங்குகிறவர் கேட்கும்போது முகம் சுளிக்காமல் தாளைக் காட்டுங்கள். காட்ட முடியாத மீன் கடைக்குள் வரவே வேண்டாம்.

இதற்கெல்லாம் செலவாகும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வாரம் ஒரு மீனை வைத்திருந்தால் அந்தத் தொட்டி முடங்குகிறது, நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு மின்கட்டணம் ஏறுகிறது, மீன் செத்தால் நட்டம் உங்களுடையது. ஆகவே நட்டத்தை எங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மீன் வந்த அன்று பாதி விலையை முன்பணமாக வாங்கிக்கொண்டு பெயர் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் புது மீனைத் தனித்து வைக்கும் உங்கள் காரன்டைன் தொட்டியில் இருக்கட்டும். அது தின்பதை என் கண் முன்னால் காட்டும் நாளில் மீதியைத் தருகிறேன். இடையில் இறந்துவிட்டால் முன்பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்துக்காக விலையைக் கூட்டினாலும் எனக்குச் சம்மதம். என்னைப் போலக் காத்திருக்கத் தயாரானவர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள், நான் பேசிப் பார்த்திருக்கிறேன்.

தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எந்த மீன் காலையில் தின்றது, எது மூலையில் ஒதுங்கி நிற்கிறது என்று தவுக்கேக்குக்கூடத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். உங்களைக் கேட்டுத்தான் நாங்கள் வாங்குகிறோம். "இது இன்னும் தின்னல அண்ணே, அடுத்த வாரம் வாங்க" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் கடைக்கு ஒரு விற்பனை தள்ளிப்போகிறது, போய்விடுவதில்லை. தவுக்கே கோபித்துக்கொண்டால் இந்த மடலைக் காட்டி விளக்கிச் சொல்லுங்கள்.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாக் வரும்போது பங்காய் தொட்டியிலும் மாண்டரின் தொட்டியிலும் மட்டும் எழுதிப் பாருங்கள். பண்ணையில் பிறந்த பங்காய் ஜோடி ஒன்று எனக்கு வேண்டும். எந்தக் கடை முதலில் எழுதி வைக்கிறதோ அங்கே முன்பணம் கட்டுகிறேன்.

அன்புடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு கடல்மீன் வளர்ப்பாளர்