வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுங்கள்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி கொடுக்கும் வார்டுகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கும், அங்கு பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

மருந்து ஏறும் சில மணி நேரம்தான் நோயாளி உங்கள் கண்முன் இருக்கிறார். அடுத்த டோஸ் வரைக்கும், பல சிகிச்சைகளில் 21 நாள், அவர் இருப்பது வீட்டில். வாந்தியும் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. பல இடங்களில் கொடுத்தனுப்பும் சீட்டில் மாத்திரைப் பெயர்களும் அடுத்து வர வேண்டிய தேதியும் மட்டுமே இருக்கின்றன. எந்த நாளில் எது வரும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஓடி வர வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில், நோயாளி படிக்கும் மொழியில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தாளின் தலையில் காய்ச்சல் இருக்கட்டும், பெரிய எழுத்தில். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகின்றன. கிருமியோடு போராட அணுக்களே இல்லாதபோது சீழும் வீக்கமும்கூடச் சரியாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளமாக இருக்கலாம். தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும், ஏனென்றால் வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் காய்ச்சலை மறைத்துவிடும். வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது. சூடு தணியும், தொற்று தணியாது.

இதில் உங்கள் பங்கும் உண்டு. வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ‘கீமோ எடுப்பவர், காய்ச்சல்’ என்று அச்சிட்ட அட்டை ஒன்று நோயாளியின் கையில் இருந்தால், அவசரப் பிரிவில் யாரும் அவரை வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

அடுத்தது வாந்தி. முதல் நாள் நன்றாக இருந்தார், மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்று எத்தனையோ வீடுகளில் சொல்வார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தில் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் குமட்டல் உச்சத்துக்குப் போகும். மாத்திரையை வாந்தி வந்தபின் அல்ல, வருமுன், சொன்ன நாட்கள் முழுக்கப் போட வேண்டும் என்று எழுதுங்கள். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வயிறு உப்பிக் கிடப்பவர் அதற்கும் கீமோவையே குற்றம் சொல்வார். எனிமாவையோ ஆசனவாயில் வைக்கும் மருந்தையோ தாமாகப் பயன்படுத்தக் கூடாது. அணுக்கள் குறைந்திருக்கும்போது அங்கு ஏற்படும் சிறு கீறலும் தொற்றுக்கு வாசல்.

வாய்ப்புண்ணுக்கு, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துவிட்டு வெறும் நீரால் அலச வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், புண்ணில் தீயாக எரியும். 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஒரே ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது அரை மணி நேரம் பனிக்கட்டியை வாயில் அடக்கி வைத்தால் புண் குறைகிறது. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் எடுப்பவர் அதையே செய்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிட்டதுபோல் பதறிப்போவார், ஏனென்றால் அந்த மருந்தில் நரம்புகள் குளிரைத் தாங்குவதில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே அச்சுத்தாள் போதாது. மருந்தின் பெயருக்கு எதிரே இரண்டு வரியாவது கையால் எழுத வேண்டும்.

டாக்ஸோரூபிசின் ஏறியபின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல. இந்த ஒரு வரி இல்லாததால் வீடே நடுங்கிப்போகிறது. ஐரினோட்டிகான் என்ற கீமோ மருந்தில் வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் பேதியானால் அன்றே போன் செய்யச் சொல்லுங்கள்.

விரல் மரத்துப்போவதைப் பலர் சொல்வதே இல்லை, சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். நீங்களாகக் கேளுங்கள். “மரத்துப்போகிறதா” என்றால் இல்லை என்பார்கள். “சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா” என்று கேட்டால் உண்மை வரும். பாக்லிடாக்சலிலும் ஆக்ஸாலிபிளாட்டினிலும் சரியான நேரத்தில் டோஸைக் குறைத்தால் அந்த விரல்களைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் மரப்பு நிரந்தரமாகிவிடலாம்.

தாளின் கடைசி வரியில் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். எடுப்பவருக்கு நோயாளியின் மருந்துப் பெயரும் கடைசி டோஸ் தேதியும் உடனே தெரிய வேண்டும். அவை இரண்டையும் அந்த எண்ணுக்கு மேலேயே எழுதிக் கொடுங்கள். பதற்றத்தில் இருப்பவர் அப்படியே வாசித்துச் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
கீமோ எடுப்பவர்களும் அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும்